கால் ரத்தக்குழாய் அடைப்பு: உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுப்பது அப்பாவுக்குப் பாதுகாப்பானதா?

அயனாவரம் பொண்ணு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 67. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது, பிரஷருக்கும் மாத்திரை உண்டு. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்கிறார், ஆனால் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறது. ஒரு வருஷமாகவே நடந்தால் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வயசாகிவிட்டது, நரம்பு இழுக்கிறது என்று தைலம் தேய்த்துவிட்டு நாங்களும் இருந்துவிட்டோம். இப்போது வீட்டிலிருந்து அயனாவரம் டிப்போ வரை போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். நிற்கும்போது போனை எடுத்துப் பார்ப்பதுபோல் காட்டிக்கொள்கிறார், யாரும் என்ன என்று கேட்டுவிடக் கூடாதாம். இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் வலி போய்விடுகிறது. ராத்திரி தூக்கத்தில் வலி எதுவும் இல்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். வலது தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு, கால்சியம் நிறைய படிந்திருக்கிறது என்றார்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுகிற ஏ.பி.ஐ பரிசோதனையில் வலது 0.61, இடது 1.45. இடது கால் நன்றாகவே இருக்கிறது போலிருக்கிறது. கிட்னிக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 1.5.

உள்ளே பலூன் விட்டு உப்பி விரிப்பது மட்டும் போதாது, அதெரெக்டமி என்று ஒன்று இருக்கிறது, தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்துவிடுவோம், இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்டிமேட் மூன்றரை லட்சம். பணம் புரட்டிவிடலாம், அம்மா வளையலைக் கழற்றித் தயாராக வைத்திருக்கிறார். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. சுரண்டும்போது துகள் கீழே போய் அடைக்காதா? குழாய் கிழிந்துவிட்டால்? கிட்னி தாங்குமா? சென்னையில் யாராவது இதைச் செய்துகொண்டிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


கேத்லேப் அக்கா:

தங்கச்சி, 22 வருஷம் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அதெரெக்டமி என்பது ஒரே கருவி கிடையாது. பக்கவாட்டில் சின்ன பிளேடு வைத்து ஒரு பக்கமாகச் சீவி, சீவியதைத் தன் மூக்குப் பகுதியிலேயே சேர்த்துக்கொள்வது ஒரு வகை. நுனியில் சுழன்று அரைத்து உறிஞ்சுவது இன்னொன்று. வைரத்தூள் பூசிய தலை அதிவேகமாகச் சுற்றி, கல்லாக இறுகிய கால்சியத்தை மணலைவிடப் பொடியாகத் தேய்ப்பது மூன்றாவது, அப்புறம் லேசர். ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு வேறு. அதனால் "அதெரெக்டமி செய்யப் போகிறோம்" என்று சொன்னால் எந்தக் கருவி, என் அப்பாவின் அடைப்புக்கு ஏன் அது என்று கேட்பதில் தப்பே இல்லை.

நீ பயப்படுகிற அதே விஷயம்தான் நாங்களும் மேஜைப் பக்கத்தில் நின்று பயப்படுவது. துகள் கீழே போகாமல் இருக்க அடைப்புக்குக் கீழே குடை மாதிரி விரியும் குட்டி வடிகட்டி ஒன்றை வைப்பார்கள். முடிந்ததும் அதைச் சுருக்கி வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் அலசி வெள்ளை காஸ் துணியில் கொட்டுவோம். மஞ்சள் நிறத்தில், ரவை வறுத்தது போல, சில சமயம் அரிசிக் குருணை அளவுக்கும் இருக்கும். ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் இது பாதத்துக்குப் போயிருந்தால் என்று நெஞ்சு பதறும். வடிகட்டி எல்லோருக்கும் வைப்பதில்லை, வைக்கவும் எப்போதும் இடம் இருக்காது, முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மெல்லியவை. ஆகவே "ஃபில்டர் வைப்பீர்களா, இல்லை என்றால் ஏன்" என்பது உன் இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.

எண்ணிக்கை வேண்டும் என்றால், பிளேடு வகைக் கருவியை வைத்து 800 பேரிடம் நடந்த டெஃபினிட்டிவ் எல்.இ என்ற ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் குழாயில் ஓட்டை விழுந்தது 5.3 சதவீதம், துகள் கீழே போனது 3.8, திடீரென்று அடைத்துக்கொண்டது 2 சதவீதம். கருவி செய்யும் கம்பெனியே செலவு செய்த ஆய்வு அது, அதையும் மனதில் வைத்துக்கொள். ஓட்டை என்றால் உடனே உயிர் போவது அல்ல, பெரும்பாலும் பலூனை உப்பி அழுத்திப் பிடித்தோ உறை போட்ட ஸ்டென்ட் (ரத்தக்குழாயை உள்ளிருந்து தாங்கும் வலைக்குழல்) வைத்தோ அங்கேயே அடைத்துவிடுவார்கள். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும், உறை போட்ட ஸ்டென்ட் அலமாரியில் இருக்க வேண்டும், எதுவும் சரிவராவிட்டால் காலைத் திறந்து சரிசெய்ய சர்ஜன் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கருவியே கோளாறு செய்வதும் உண்டு. 2022 ஜனவரியில் மெட்ரானிக் கம்பெனியின் ஹாக்ஒன் கருவிகள் 95,110ஐ அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ மிகக் கடுமையான முதல் வகை ரீகாலில் (திரும்பப் பெறும் பட்டியலில்) சேர்த்தது. உள்ளே போகிற கம்பி மடங்கி நுனி சேதமாகிறது என்று 163 புகார், 55 பேருக்குக் காயம், சாவு இல்லை. இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை, எந்தக் கருவி என்று பெயர் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்காக.

கிரியாட்டினின் 1.5 என்றால், படத்தில் குழாய் தெரிவதற்காகப் போடும் டை ஊசி கிட்னியைப் பாதிக்காமல் இருக்க முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள். டையைக் குறைத்துக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்துப் படம் எடுக்கும் வசதி சில இடங்களில் இருக்கிறது, கேட்டுப் பார்.


வடபழனி மூர்த்தி:

எனக்கு 61. இரண்டு வருஷத்துக்கு முன் இடது காலுக்கு இதே சிகிச்சை செய்துகொண்டேன். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை, அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

எனக்கும் நடந்தால்தான் வலி. கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது நடுவில் நின்றுவிடுவேன், அவ்வளவுதான். படுத்துக்கொண்டே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், திறந்துவிட்டது, ரத்தம் ஓடுகிறது என்று காட்டினார்கள், மனசுக்கு நிம்மதி. அதற்கப்புறம் பத்து நிமிஷத்தில் பாதம் பச்சைத் தண்ணீரில் வைத்தது போல் ஜில்லென்று ஆகி இரண்டு விரல் நீலமாகிவிட்டது. துகள் போய் கீழே அடைத்திருக்கிறது. உறிஞ்சும் குழாய் விட்டு எடுத்தார்கள், அது ஒன்றரை மணி நேரம் கூடுதல், டை கூடுதல், பில்லும் கூடுதல். விரல்கள் பிழைத்தன, கடவுள் புண்ணியம். ஆனால் சுண்டு விரலுக்குப் பக்கத்து விரலில் இன்றைக்கும் உணர்ச்சி கொஞ்சம் மந்தம்தான்.

நடந்தது நடந்துவிட்டது. என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. இப்படி ஆகலாம் என்று ஒரு வார்த்தை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சம்மதப் படிவத்தை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு நீட்டினார்கள், கண்ணாடி மனைவி கையில் இருந்தது, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பதினான்கு மாதத்தில் அதே இடம் திரும்ப அடைத்துக்கொண்டது, பிறகு வந்த டாக்டர்தான் சுரண்டினாலும் பலூன் போட்டாலும் திரும்ப அடைப்பது சகஜம் என்று சொன்னார். அது முன்பே தெரிந்திருந்தால் நான் இன்னும் ஒரு வருஷம் மாத்திரையில் இருந்து பார்த்திருப்பேன்.

அதனால் சகோதரி, படிவத்தை முதல் நாளே வீட்டுக்கு வாங்கி வாருங்கள். அப்பாவையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள், அவர் கால் அது. சிகிச்சைக்குப் பிறகு பயன்படுத்திய கருவியின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள், ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டிய கருவிகள் அவை.


டவர் பார்க் வாக்கர்:

நான் எதுவும் செய்துகொள்ளவில்லை, நடந்தேன், அதை எழுதலாம் என்று வந்தேன்.

உங்கள் அப்பா மாதிரியேதான், ஏ.பி.ஐ 0.65. என் டாக்டர் மூன்று மாதம் கொடுங்கள், வாரத்துக்கு மூன்று நாளாவது நடங்கள் என்றார். நடப்பதென்றால் சும்மா நடப்பதில்லை. வலி ஆரம்பித்ததும் நிற்கக் கூடாது, ஓரளவு பலமாகப் பிடிக்கும்வரை நடக்க வேண்டும், அப்புறம் உட்கார்ந்து வலி முழுக்கப் போனதும் மறுபடி எழுந்து நடக்க வேண்டும், இப்படியே ஓய்வையும் சேர்த்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அண்ணா நகர் டவர் பார்க்கில் காலை ஆறு மணிக்குப் போவேன். முதல் வாரம் வாசல் பக்கத்து பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்ச் வரைதான் முடிந்தது. அவமானமாக இருந்தது, எண்பது வயதுப் பாட்டிகள் என்னைத் தாண்டிப் போவார்கள். ஐந்தாவது வாரம் பாதிச் சுற்று. மூன்றாவது மாதக் கடைசியில் நிற்காமல் ஒரு சுற்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நடை வலிக்காக சிலோஸ்டசால் மாத்திரையும் கொடுத்தார்கள், முதல் பத்து நாள் தலைவலி இருந்தது, பிறகு பழகிவிட்டது. இதயம் பலவீனமாக இருக்கிறவர்களுக்கு அது கொடுக்கக் கூடாதாம், எனக்கு எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே எழுதினார். சிகரெட்டை முழுக்க விட்டேன். அது நடையைவிடக் கஷ்டம். அப்பாவைத் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், எனக்கு என் பெண் அப்படித்தான் செய்தாள்.

அடைப்பு அதே இடத்தில் இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள சின்னக் குழாய்கள் பெரிதாகி வேலை செய்கின்றன, தசையும் குறைந்த ரத்தத்தில் வேலை செய்யப் பழகியிருக்கிறது என்றார் டாக்டர்.


அரசு வாஸ்குலர் டாக்டர்:

வாஸ்குலர், அதாவது ரத்தக்குழாய் சிகிச்சைத் துறையில், அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், ஆனால் கேள்வி சரியான இடத்தில் நிற்கவில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அதெரெக்டமி பாதுகாப்பா என்று மட்டும் கேட்டால், தேர்ந்த கையில் ஓரளவு பாதுகாப்புதான், மேலே அக்கா சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் வெறும் பலூனைவிட அது மேலானதா என்பதற்கு ஆதாரம் மெலிது. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு அதுவரை நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் திரட்டியபோது கிடைத்தது ஏழு, எல்லாம் சேர்த்தும் 527 பேர். இரண்டு முறைக்கும் தெளிவான வித்தியாசம் எதுவும் இல்லை, இருக்கிற ஆதாரமும் மிகப் பலவீனமானது என்றுதான் முடித்தார்கள். அதற்காக இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பலூன் விரியவே மறுக்கும் கல் போன்ற கால்சியத்திலும், ஸ்டென்ட் வைத்தால் மடங்கி உடையக்கூடிய முழங்கால் மடிப்பிலும் நானே பயன்படுத்துகிறேன்.

"இந்த வாரமே, இல்லாவிட்டால் கால் போய்விடும்" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தால் மட்டும் வலி, நின்றால் போய்விடுகிறது என்ற நிலையில் உள்ளவர்களில் ஐந்து வருஷத்தில் காலை இழப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கூடும், ஆனால் அப்போதும் ஒரு வாரத்தில் நடப்பதில்லை. அவர்களை அதிகம் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான், அதனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாடின், சர்க்கரை, பிரஷர், புகையை விடுவது, நடை, இவைதான் முதல் சிகிச்சை. இதைவிட்டுவிட்டு நடை வலிக்காரர்களுக்கு அவசரமாகக் குழாய் விடுவது அமெரிக்காவில் பெரிய பிரச்சினையாகி 2023இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. திரும்பத் திரும்பக் குழாய் விட்டு, நடந்தால் வலி என்று வந்தவர்கள் கடைசியில் காலை இழந்த கதைகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் குழாயின் உட்சுவர் புண்ணாகிறது, அது ஆறும்போது தடித்து அடைக்கிறது, முன்பைவிட மோசமாகவும் அடைக்கலாம். வடபழனிக்காரருக்கு நடந்தது அந்த வகைதான்.

இப்போது எனக்கு உறுத்தும் விஷயம். வலது 0.61 என்பது அடைப்புதான், சரி. இடது 1.45 என்பதை நீங்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல எண் இல்லை. 1.4க்கு மேல் போனால் அந்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் இறுகி, பட்டையால் அழுத்தினாலும் நசுங்க மறுக்கிறது என்று அர்த்தம், பரிசோதனை அங்கே செல்லாது. நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். நம் சென்னையிலேயே எடுத்து 2000இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்குக் கால் குழாய் நோய் இருந்தது, இல்லாதவர்களில் 2.7 சதவீதம்.

தயவுசெய்து இன்று ராத்திரியே அப்பாவின் இரண்டு பாதத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம். புண், கொப்புளம், கறுப்பு, எதுவாக இருந்தாலும். அவர் வலி இல்லை என்று சொன்னாலும் பாருங்கள், 18 வருஷ சர்க்கரையில் நரம்பு மரத்துப்போயிருந்தால் அவருக்கே தெரியாது.


அயனாவரம் பொண்ணு:

டாக்டர், பார்த்துவிட்டேன், கை நடுங்குகிறது. வலது காலில் ஒன்றும் இல்லை. இடது கால் சுண்டு விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவில் ஒரு மிளகு அளவுக்குக் கறுப்பாக இருக்கிறது, சுற்றி ஈரமாக வெள்ளையாக ஊறியிருக்கிறது. செருப்பு வார் பட்டது, பத்து நாள் இருக்கும், வலிக்கவே இல்லையே என்கிறார். அம்மா மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறார். எனக்கு யாருமே சொல்லவில்லை. இத்தனை நாள் வலது காலையே பிடித்துக்கொண்டிருந்தோம்.


அரசு வாஸ்குலர் டாக்டர்:

உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். வலது கால் முதலில் வலித்து அவரை நிறுத்திவிடுவதால் இடது கால் வலிக்கிற அளவுக்கு அவர் நடப்பதே இல்லை, அதனால் அது பேசாமல் இருந்திருக்கிறது.

ஆனால் இப்போது கணக்கே மாறிவிட்டது. மேலே நான் அவசரம் இல்லை என்று எழுதியது வலது காலுக்கு. இடதுக்கு நாள் கணக்கில் பார்க்க வேண்டும். நடைப் பயிற்சி இப்போது வேண்டாம், அந்தக் காலில் பாரமே போடக் கூடாது. மஞ்சள், சுடுதண்ணீர் ஒத்தடம், கறுப்பைப் பிய்ப்பது, எதுவும் வேண்டாம், உலர்ந்த சுத்தமான காஸை விரலுக்கு நடுவில் வையுங்கள். காய்ச்சலோ, பாதம் சிவந்து வீங்குவதோ, வாடையோ வந்தால் நாளைவரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றால் நாளைக் காலை சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போகலாம், நீங்கள் நம்பும் வேறு வாஸ்குலர் சர்ஜனிடமும் போகலாம். கேட்க வேண்டியது கால் பெருவிரல் பிரஷர். விரல் குழாய்களில் கால்சியம் அவ்வளவு இறுகாது என்பதால் அது பொய் சொல்லாது. முப்பதுக்குக் கீழே இருந்தால் ரத்தம் கொண்டுபோகாமல் அந்தப் புண் ஆறாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, எடுத்துப் போங்கள். வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும், இப்போதைக்கு.


வடபழனி மூர்த்தி:

ஓலாவோ ஆட்டோவோ, அவரை நடக்கவிடாதீர்கள் சகோதரி. வாசலில் சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட்டு மறுப்பார், அதைக் காதில் வாங்காதீர்கள்.


அயனாவரம் பொண்ணு (நான்கு நாள் கழித்து):

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். அடுத்த நாளே போனோம். இடது பெருவிரல் பிரஷர் 28. சி.டி ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய் ஸ்கேனில் இடது காலில் தொடைக் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்களில் இரண்டு முழுக்க மூடியிருக்கின்றன, மூன்றாவது பாதி.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, காலில் உள்ள சிரையையே எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்று வழி போடும் பைபாஸ். இன்னொன்று, குழாய் விட்டுத் திறப்பது. எது நல்லது என்று கேட்டேன். அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: 2022இல் 1830 பேரிடம் செய்த பெஸ்ட்-சி.எல்.ஐ ஆய்வில் நல்ல சிரை இருந்தவர்களுக்குப் பைபாஸ் மேலாக வந்தது, அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரிடம் செய்த பாசில்-2வில் குழாய் வழி மேலாக வந்தது, ஆகவே ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று. சிரையை ஸ்கேன் செய்தார்கள், அப்பாவுக்கு அது நூல் மாதிரி இருக்கிறது, இதயமும் அவ்வளவு திடமில்லை. அதனால் குழாய் வழி. முதலில் மெல்லிய பலூன், அது விரியாவிட்டால் மட்டும் அந்தச் சுரண்டும் கருவி, எந்த வகை என்று பெயரும் எழுதிக் கொடுத்தார். ஃபில்டர் பற்றிக் கேட்டேன், இந்தக் குழாய்க்கு அது பெரிது, அதனால்தான் கருவியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன் என்றார். டை குறைவாக விடுவோம் என்றார், முந்தின நாள் ராத்திரியே சலைன் ஏற்றுகிறார்கள்.

வலது கால் பற்றிக் கேட்டதற்கு, அது காத்திருக்கும், இடது ஆறிய பிறகு நடக்கட்டும் என்றார்.

அப்பா சம்மதப் படிவத்தை வாய்விட்டுப் படித்தார். காலை எடுக்க நேரலாம் என்ற வரி வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு உள்ளே எடுக்கிறார்கள். ராத்திரி அவர் பக்கத்தில் நான்தான் இருப்பேன், எதைக் கவனிக்க வேண்டும்?


கேத்லேப் அக்கா:

தங்கச்சி, இதை மட்டும் செய். முடிந்து வார்டுக்கு வந்ததும் பாத நாடி எங்கே கிடைக்கிறது என்று நர்ஸிடம் கேட்டு அந்த இடத்தில் பால் பாயின்ட் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கச் சொல். கையால் கிடைக்காவிட்டால் குட்டி டாப்ளர் வைத்துச் சத்தம் கேட்டுக் குறிப்பார்கள். ஒவ்வொரு முறை நர்ஸ் வரும்போதும் அதே குறியில் பார்க்கச் சொல். இல்லாவிட்டால் ஷிப்ட் மாறும்போது அடுத்த பெண் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பாள்.

நீ உன் கையின் பின்பக்கத்தை அவர் இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார். ஒன்று திடீரென்று ஜில்லிட்டாலோ, வெளுத்தாலோ, விரல் அசைக்க முடியவில்லை என்றாலோ ஓடிப்போய்க் கூப்பிடு. அவருக்கு நரம்பு மரத்திருப்பதால் வலி என்று சொல்ல மாட்டார், அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. அந்த மாதிரி நேரத்தில் ஆறு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. தொடை இடுக்கில் ஊசி போட்ட பக்கம் காலை மடக்கக் கூடாது, அவர்கள் சொல்லும்வரை நேராகப் படுக்கட்டும். அங்கே வீங்கினாலோ, அடி முதுகு வலிக்கிறது, தலை சுற்றுகிறது, வியர்க்கிறது என்றாலோ உள்ளே ரத்தம் கசியலாம், உடனே சொல். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று எழுதி வை, கிட்னிக்காக. மூன்றாம் நாள் கிரியாட்டினின் பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதே.

ரத்தம் உறையாத மாத்திரை எழுதித் தருவார்கள், ஒரு வேளை கூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போனால்கூட அவர்களைக் கேட்காமல் நிறுத்தாதே.


அயனாவரம் பொண்ணு (இரண்டு நாள் கழித்து):

பலூன் விரிந்துவிட்டது, கருவி தேவைப்படவில்லை. ஒரு குழாய் பாதம்வரை திறந்திருக்கிறது, இன்னொன்றில் கம்பியே நுழையவில்லை, கட்டாயப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கிரியாட்டினின் 1.7 போய் இன்று 1.6. பெருவிரல் பிரஷர் 46. கறுப்பான இடத்தை நேற்று சுத்தம் செய்தபோது அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது, ரத்தம் வந்தது நல்ல அறிகுறி என்று நர்ஸ் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். விரல் தப்புமா என்று இரண்டு வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

பெருக்கல் குறி போட்டார்கள் அக்கா. ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் அந்த இடத்தில் டாப்ளர் வைத்து எனக்கும் கேட்கக் கொடுத்தார்கள். குளிக்க வைக்கும்போது அதை அழித்துவிடாதே என்று அப்பா சொல்கிறார்.